மூன்று மலையும் ஒரு பாட்டும்: செஞ்சிக்காரர்களின் ஊர் ஏக்கம்

சனிக்கிழமை விடியற்காலை. கிளாம்பாக்கத்தில் கிளம்பிய திருவண்ணாமலை பஸ், திண்டிவனத்தில் நெடுஞ்சாலையை விட்டு மேற்கே திரும்புகிறது. உள்ளே பாதிப் பேர் தூக்கத்தில். மீதிப் பேர் காதில் இயர்போன். வெளியே ஏரி, கழனி, கரும்பு, மறுபடியும் ஏரி. அரை மணி நேரம் போனால் தூரத்தில் ஒரு மொட்டைப் பாறை தலைகாட்டும். அதன் உச்சியில் கோடு போட்ட மாதிரி ஒரு சுவர். அவ்வளவுதான், செஞ்சிக்காரர்கள் எல்லோரும் பையைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். கண்டக்டர் ஊர்ப் பெயரைச் சொல்லவே வேண்டாம். மலை தெரிந்தால் ஊர் வந்துவிட்டது என்று அர்த்தம்.

செஞ்சிக்கு ரயில் கிடையாது. சென்னையிலிருந்து சுமார் 150 கிலோமீட்டரும் பஸ்தான். படிப்புக்கும் வேலைக்கும் வெளியூர் போன பிள்ளைகளுக்கு வாரக்கடைசிப் பயணமும் அதில் கேட்கும் பாட்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ஞாயிறு இரவு திரும்பிப் போனபிறகு, ஓ.எம்.ஆரிலோ பெங்களூரிலோ ஒரு வாடகை அறையில் அதே பாட்டு ஓடினால் போதும். ராஜகிரி கண்முன்னே வந்து நிற்கும்.

இப்போது பலருடைய பிளேலிஸ்ட்டிலும் இப்படிப்பட்ட பாடல்களுக்கென்றே தனி இடம் இருக்கிறது. சினிமாவுக்காக இல்லாமல் தனியாக வெளியாகும் பாடல்கள். ஒரு கிட்டார், கூடவே பறையோ உடுக்கையோ, அலங்காரம் இல்லாத குரல். இண்டி-ஃபோக் என்கிறார்கள். காதல் தோல்வியே இல்லாதவர்களையும் கண்கலங்க வைக்கும் இந்தப் பாட்டுகளில் அப்படி என்னதான் இருக்கிறது?

பாட்டுக்குத் தடை போட்ட ராணுவம்

ஊர் ஏக்கத்தை ஒரு காலத்தில் நோய் என்றே நினைத்தார்கள். 1688-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஜொஹான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் தன் ஆய்வேட்டில் அந்த நோய்க்கு ஒரு பெயர் வைத்தார்: நாஸ்டால்ஜியா. வீடு திரும்புதல், வலி என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து உண்டாக்கிய பெயர் அது. ஊரை விட்டுப் போனவர்கள் சாப்பிடாமல், தூங்காமல் மெலிந்துபோவதைத்தான் அப்படிக் குறித்தார்.

அந்தக் காலத்து சுவிஸ் இளைஞர்கள் பலர் கூலிப்படை வீரர்களாக வெளிநாட்டு ராணுவங்களில் வேலை பார்த்தார்கள். அவர்களின் ஊர் மலையும் மேய்ச்சல் நிலமும். மலையில் மேயும் மாடுகளைக் கூப்பிடும் ஒரு மெட்டு அங்கே உண்டு. பிழைக்கப் போன இடத்தில் அந்த மெட்டைக் கேட்டால் வீரர்கள் அழுவார்கள், படையை விட்டு ஓடிவிடுவார்கள், சிலர் ஏக்கத்திலேயே செத்துப்போவார்கள்; அதனால் படையில் அதை வாசித்தால் மரண தண்டனை என்று தடை இருந்தது. இதை எழுதிவைத்தவர் தத்துவ அறிஞர் ரூசோ, 1768-ல் வெளியான தன் இசை அகராதியில்.

அதே இடத்தில் ரூசோ சொல்லும் இன்னொரு விஷயம் முக்கியமானது. அந்த மெட்டை அந்நியர் கேட்டால் ஒன்றுமே ஆகாது. சக்தி மெட்டில் இல்லை, அது கிளப்பிவிடும் ஞாபகத்தில்தான் இருக்கிறது. சின்ன வயசு, பழைய வாழ்க்கை, விட்டுவந்த மனிதர்கள் என எல்லாவற்றையும் அந்த மெட்டு கூட்டிக்கொண்டு வருகிறது.

செஞ்சிக்காரருக்கு இது சொல்லாமலே புரியும். பக்கத்து சீட்டில் தூங்கும் திருச்சிக்காரருக்கு அது வெறும் பாறை.

நிலத்துக்கு ஒரு யாழ், நிலத்துக்கு ஒரு பறை

சுவிஸ்காரர்கள் இதை நோய் என்பதற்கு வெகுகாலம் முன்பே தமிழ் இதற்கு இலக்கணம் எழுதிவிட்டது. தொல்காப்பியத்தின் கணக்கில் ஒவ்வொரு நிலத்துக்கும் ஓர் உணர்வு சொந்தம். முல்லைக்குக் காத்திருத்தல், பாலைக்குப் பிரிவு, நெய்தலுக்கு இரங்கல். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும்.

நாம் கவனிக்காமல் விட்டது கருப்பொருள் பட்டியலை. தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் என்று அடுக்கும் அந்தப் பட்டியலில் பறையும் யாழும் இருக்கின்றன. மரம், பறவை போலவே இசையும் அந்தந்த மண்ணில் விளைவது என்பதுதான் அந்தக் கணக்கு. நிலத்தையும் பாட்டையும் நம் ஆட்கள் தனித்தனியாகப் பார்க்கவே இல்லை.

செஞ்சியை எந்தத் திணையில் வைப்பது? ஒரே பார்வையில் உருண்டைப் பாறைகள் அடுக்கிய மலை, முள் புதர், அதன் அடியிலேயே ஏரித் தண்ணீர் பாயும் நெல் கழனி. முல்லையும் குறிஞ்சியும் வறண்டால் பாலையாகும் என்கிறது சிலப்பதிகாரம். நல்ல மழை பெய்த வருஷத்தில் மருதமாகவும், பொய்த்த வருஷத்தில் பாலையாகவும் இருக்கும் ஊர் இது. இந்த மலைப்பக்கத்தில் பிறந்து புதுச்சேரி பக்கம் கடலில் சேரும் ஆற்றுக்குப் பெயர் சங்கராபரணி. சொல்லும்போதே ஒரு ராகத்தின் பெயர் ஞாபகத்துக்கு வருகிறது, இல்லையா?

இந்த மண்ணில் விளைந்த பாட்டு ஒன்று உண்டு. வயது முந்நூறுக்குப் பக்கம்.

ஊர் யாரைப் பாடியது?

செஞ்சிக் கோட்டைக்குப் பெரிய வரலாறு. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளையும் இணைத்து ஓடும் மதில். நாயக்கர்கள் ஆண்டார்கள். பீஜப்பூர் சுல்தான் பிடித்தார். 1677-ல் சத்ரபதி சிவாஜி கைப்பற்றினார். அவர் மகன் ராஜாராம் உள்ளே இருந்தபோது மொகலாயப் படை வருஷக்கணக்கில் முற்றுகை போட்டு, 1698-ல்தான் கோட்டைக்குள் நுழைந்தது. 1750-ல் பிரெஞ்சுக்காரர்கள், 1761-ல் ஆங்கிலேயர்கள்.

இத்தனை பெரிய ஆட்கள் வந்துபோன ஊர், இவர்களில் யாரையும் தன் பாட்டுக்கு நாயகனாக்கவில்லை. அது பாடியது ஓராண்டுகூட முழுசாக ஆளாத, இருபதுகளின் தொடக்கத்தில் செத்துப்போன ஒரு பையனை. தேசிங்கு ராஜன்.

வரலாற்றில் அவர் பெயர் தேஜ் சிங். வடக்கே புந்தேல்கண்டைச் சேர்ந்த ராஜபுத்திரர். அப்பா சொரூப் சிங் மொகலாயர்களுக்காகக் கோட்டையைக் கவனித்தவர். அப்பா இறந்ததும் மகன் பொறுப்புக்கு வந்தார். ஆற்காடு நவாப் சாதத்துல்லா கான் கப்பம் கேட்டார். பையன் மறுத்தார். 1714 அக்டோபரில் சண்டை. கையில் இருந்த சிறிய படையோடு போனவர் திரும்பவில்லை.

அவர் தமிழர் இல்லை. இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவரும் இல்லை. ஆனாலும் நாடோடிப் பாடகர்கள் அவரை ஊர்ப்பிள்ளையாகத் தத்தெடுத்துக்கொண்டார்கள். பாட்டில் வரும் கதைக்கும் வரலாற்றுக்கும் நடுவே நிறைய தூரம். டில்லி பாதுஷாவின் அடங்காத குதிரையை தேசிங்கு அடக்குகிறான். பாராசாரி, நீலவேணி என்று குதிரைகளுக்கெல்லாம் பெயர் இருக்கிறது. அவனுடைய உயிர் நண்பன் ஒரு முஸ்லிம் வீரன், மகமத்கான். போர்ச் செய்தி வரும்போது மகமத்கானுக்குக் கல்யாணம் நடந்துகொண்டிருக்கிறது. மாப்பிள்ளை கல்யாணத்தை விட்டு எழுந்து நண்பனுக்காகக் குதிரை ஏறுகிறான். இரண்டு பேரும் திரும்புவதில்லை.

கிராமத்துத் திண்ணைகளில் இந்தக் கதை 'பெரிய எழுத்து' புத்தகமாகப் புரண்டது. 1960-ல் எம்.ஜி.ஆர். நடித்து 'ராஜா தேசிங்கு' என்று படமாகவும் வந்தது.

இந்தக் கதையை ஊர்க்காரர் கேட்பதற்கும் வெளியூர்க்காரர் கேட்பதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. வெளியூர்க்காரருக்கு இது வீரக்கதை. ஊர்க்காரருக்கோ அது ஒரு வரைபடம். போருக்குப் போகும் முன் தேசிங்கு உத்தரவு கேட்டது பக்கத்துச் சிங்கவரத்தில் பள்ளிகொண்டிருக்கும் ரங்கநாதரிடம். வேண்டாம் என்று பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பார்கள். குகைக் கோயிலில் அந்த முகத்தை இப்போதும் காட்டுகிறார்கள். சண்டை நடந்தது கடலி கிராமத்துப் பக்கம். நண்பனும் குதிரையும் அடக்கமானது நீலாம்பூண்டியில் என்பது ஊர்வழக்கு. தேசிங்கின் உடலுக்குத் தீ மூட்டியதும், அவர் மனைவி ராணிபாய் உடன்கட்டை ஏறியதும் கோட்டைக்குப் பக்கத்தில் செட்டிக்குளக் கரையில் என்கிறார்கள். அந்தப் பெண்ணின் நினைவாக நவாப் உண்டாக்கிய ஊர்தான் ராணிப்பேட்டை என்றும் சொல்லப்படுகிறது.

கதையைக் கேட்டு முடிக்கும்போது செஞ்சியை ஒரு சுற்று சுற்றி வந்துவிடலாம். பஸ் டிக்கெட் தேவையில்லை.

ஜெயித்தவர்கள் கல்வெட்டும் கோபுரமும் எழுப்பிக்கொள்ள முடியும். தோற்றவனுக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது? அவனை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியது ஊரின் வேலையாகிவிடுகிறது. பாட்டு பிறப்பது அங்கேதான். ஊர் ஏக்கப் பாடல்கள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். கையில் இருப்பதை யாரும் ஏங்கிப் பாடுவதில்லை.

குருக்ஷேத்திரம் செஞ்சியில் நடக்கும்

இந்த மண்ணின் இன்னொரு இசை தெருக்கூத்து. செஞ்சியை ஒட்டிய மேலச்சேரியைப் பழைய செஞ்சி என்பார்கள். அங்கிருக்கும் திரௌபதியம்மன் கோயிலைத்தான் திரௌபதி வழிபாட்டின் மூலக்கோயிலாக வட தமிழகத்துப் பக்தர்கள் பலர் கருதுகிறார்கள். அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபெய்டல் 1988-ல் வெளியிட்ட ஆய்வு நூலின் தலைப்பிலேயே செஞ்சியும் குருக்ஷேத்திரமும் சேர்ந்து இருக்கின்றன.

பாஞ்சாலத்தில் பிறந்த திரௌபதி, செஞ்சிக் காட்டில் இருந்த அசுரனை அழிக்க மறுபடியும் இங்கே தோன்றினாள் என்பது இங்குள்ள கதை. அம்மனுக்குக் காவலாக நிற்பவர்களில் முத்தால ராவுத்தர் என்ற முஸ்லிம் வீரரும் ஒருவர். தேசிங்குக்கு மகமத்கான், அம்மனுக்கு ராவுத்தர். செஞ்சியின் பெரிய கதைகள் இரண்டிலும் ஒரு முஸ்லிம் தோழர் இருக்கிறார் என்பதைக் கவனியுங்கள்.

கோடையில் இந்தப் பக்கத்து ஊர்களில் பாரதத் திருவிழா. பகலில் பாரதப் பிரசங்கம், இரவெல்லாம் கூத்து. ஆர்மோனியம், மிருதங்கம், தாளம், கூடவே கீச்சென்று காற்றைக் கிழிக்கும் முகவீணை. கூத்தில் வேஷம் கட்டியவரே பாட வேண்டும். பின்னால் நிற்பவர்கள் அதை வாங்கிப் பாடுவார்கள். கடைசி நாள் படுகளத்தில் துரியோதனன் மண்ணால் செய்த பிரமாண்ட உருவமாகத் தரையில் கிடப்பான். அவன் கிடப்பது வடநாட்டில் இல்லை, நம் ஊர் ஏரிக்கரைப் பக்கத்துப் பொட்டல்வெளியில். மண்ணும் நம் ஊர் மண்.

எங்கேயோ நடந்த கதையைத் தன் கழனியில் இறக்கிவைக்கும் வித்தை இது. இதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, வெளியூரில் தூரத்தில் ஒரு முகவீணை கேட்டாலே பனியில் போர்வைக்குள் பாதித் தூக்கத்தோடு கூத்து பார்த்த ராத்திரி திரும்பி வரும்.

எஞ்சாமி சொன்ன கதை

செஞ்சியின் பழைய பாட்டிலிருந்து இன்றைய இண்டி பாட்டுக்கு வருவோம். தொலைவு அதிகமில்லை. 2021 மார்ச்சில் வெளியான 'எஞ்சாய் எஞ்சாமி' உலகம் முழுக்கப் போய்ச்சேர்ந்தது. தீயும் அறிவும் பாட, சந்தோஷ் நாராயணன் இசையமைத்தது. அறிவு அரக்கோணத்துக்காரர். தேசிங்கின் மனைவி பெயரால் ஆன ராணிப்பேட்டைதான் இப்போது அரக்கோணத்துக்கும் மாவட்டம்.

துள்ளலான மெட்டு என்று கல்யாண வீடுகளில் ஆடித் தீர்த்த பாட்டு அது. அதன் அடியில் இருப்பது ஒரு நிலமில்லாத குடும்பத்தின் கதை. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, பிறகு தமிழ்நாட்டுக்குத் திரும்ப வேண்டியிருந்தவர். அங்கேயும் மண் சொந்தமில்லை, இங்கேயும் இல்லை. அந்தப் பாட்டில் ஒப்பாரியின் சாயல் வருவது சும்மா இல்லை.

இதில் ஒரு நெருடலான உண்மையும் இருக்கிறது. ஊர் ஏக்கம் எல்லோருக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒருவருக்குப் பாட்டன் வீட்டு மாமரம் ஞாபகம் வரும். இன்னொருவருக்கு, தன் ஆயா உழைத்தும் ஒரு சென்ட்கூடக் கிடைக்காத கழனி ஞாபகம் வரும். ஊரை நினைத்து அழுபவர்களில், அந்த ஊரிலிருந்து தப்பித்து வந்தவர்களும் இருக்கிறார்கள். நல்ல இண்டி-ஃபோக் பாட்டு இந்த இரண்டு பேரையும் மறைப்பதில்லை. ஊரை வெறும் பச்சை வயலும் தென்றலுமாகக் காட்டும் பாட்டு சீக்கிரம் சலித்துப்போவதும் அதனால்தான்.

அந்தப் பாடலில் யாருடைய உழைப்பு எவ்வளவு, பெயர் யாருக்கு என்ற விவாதமும் பொதுவெளியில் பெரிதாக நடந்தது. எது சரி என்பது ஒருபுறம் இருக்கட்டும். நாட்டுப்புறப் பாட்டுக்குப் பெயர் போடுவது எவ்வளவு முக்கியம் என்பதை அது எல்லோருக்கும் காட்டிவிட்டது.

வேலை போனால் பாட்டும் போகும்

ஏற்றப்பாட்டு என்று ஒன்று இருந்தது. கிணற்றில் ஏற்றம் இறைப்பவர் எத்தனை சால் தண்ணீர் இறைத்தோம் என்று எண்ணிக்கொண்டே பாடுவார். எண்ணிக்கையே பாட்டுக்குள் இருக்கும். பம்ப்செட் வந்தது, முதுகு நிமிர்ந்தது, நல்லது நடந்தது. ஏற்றப்பாட்டுக்கு வேலை இல்லாமல் போனது. நடவு மிஷின் வந்த கழனியில் நடவுப் பாட்டுக்கும் அதே கதி. பெண்கள் வரிசையாகக் குனிந்து, கை ஒரே வேகத்தில் போவதற்காகப் பாடியது அது. வரிசை இல்லாத இடத்தில் யார் பாடுவார்கள்?

இது பழசுக்காகப் புலம்புவது அல்ல. ஏற்றம் இறைத்தவரிடம் கேட்டால் பம்ப்செட்தான் வேண்டும் என்பார். ஆனால் வேலையோடு சேர்த்துப் பாட்டையும் தூக்கிப் போட வேண்டியதில்லை. 1958-ல் கி.வா.ஜகந்நாதன் 'மலையருவி' என்ற தொகுப்பைக் கொண்டுவந்தார். 1964-ல் நா.வானமாமலையின் 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' வந்தது. இப்படிச் சிலர் எழுதிவைத்ததால்தான் பல பாட்டுகள் காகிதத்திலாவது தங்கின. காகிதத்தில் வார்த்தை தங்கும், குரல் தங்காது. எங்கே இழுக்க வேண்டும், எங்கே மூச்சு விட வேண்டும் என்பது பாடியவருக்கே தெரியும்.

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டைக்கு யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய அந்தஸ்து கிடைத்தது. மராத்தா ராணுவ நிலப்பரப்புகள் என்ற பெயரில் 12 கோட்டைகள் அறிவிக்கப்பட்டன. 11 மகாராஷ்டிராவில், தமிழ்நாட்டில் செஞ்சி மட்டும். ஊரே பெருமைப்பட்ட நாள். கல்யாண மகாலுக்கும் நெற்களஞ்சியத்துக்கும் தொல்லியல் துறையின் காவல் இருக்கிறது. கல் இன்னும் பல நூறு வருஷம் நிற்கும். அந்தக் கல்லைச் சுற்றிப் பாடிய குரல்களுக்குக் காவல் யார்?

உங்கள் கையில் இருக்கும் ஸ்டூடியோ

இதைப் படித்துக்கொண்டிருக்கும் போனிலேயே ஒலிப்பதிவு செய்யும் வசதி இருக்கிறது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பாட்டியிடமோ பெரியம்மாவிடமோ இதைக் கேட்டுப்பாருங்கள்:

'பாட்டுப் பாடு ஆயா' என்று சட்டென்று போனை நீட்டினால் வெட்கப்படுவார். மல்லாட்டை உரிக்கும்போதோ, பூ கட்டும்போதோ, பேரப்பிள்ளையைத் தூங்கவைக்கும்போதோ பக்கத்தில் உட்காருங்கள். கை வேலையில் இருக்கும்போது வாய் தானாகப் பாடும்.

டி.வி.யையும் ஃபேனையும் நிறுத்துங்கள். போனை ஒரு துணிமேல் வையுங்கள். நடுவில் பேசாதீர்கள். இருமினாலும் மறந்துபோய் நிறுத்தினாலும் பதிவு ஓடட்டும்.

பாட்டு முடிந்ததும் அதே பதிவில் நாள், ஊர், பாடியவர் பெயர், யாரிடம் கற்றுக்கொண்டார், எந்த வேலையின்போது பாடியது என்று சொல்லச் சொல்லுங்கள். பத்து வருஷம் கழித்து இதுதான் பொக்கிஷம்.

ஒப்பாரியை விசேஷ நாளில் பாடச்சொல்லி வற்புறுத்தாதீர்கள். வீட்டில் அதைப் பாட விரும்பாதவர்கள் உண்டு. அதை மதிக்க வேண்டும்.

அவரைக் கேட்காமல் இன்ஸ்டாவிலோ யூடியூபிலோ போடாதீர்கள். போட்டால் பாடியவர் பெயர் முதல் வரியில் இருக்கட்டும். கூத்துக் கலைஞரைப் பதிவு செய்தால் அவருக்குரிய பணத்தையும் கொடுங்கள். அது அவருடைய தொழில்.

நாளைக்கு ஒரு செஞ்சிப் பையனோ பெண்ணோ கிட்டாரை எடுத்துத் தன் ஊரைப் பற்றி ஒரு பாட்டு கட்ட நினைத்தால், இந்தப் பதிவுகளிலிருந்து ஒரு இழுப்பு, ஒரு தாளம் கிடைக்கும். சும்மா 'என் ஊரு அழகு' என்று பாடாமல், சிங்கவரத்தில் திரும்பிய முகத்தையும் செட்டிக்குளத்துத் தண்ணீரையும் பாட முடியும்.

ஞாயிறு மாலை செஞ்சி பஸ் நிலையத்தில் மறுபடியும் கூட்டம். கையில் வீட்டுச் சாப்பாடு, தோளில் பை, காதில் இயர்போன். பஸ் கிளம்பியதும் ஜன்னல் பக்கம் இருப்பவர்கள் ஒருமுறை திரும்பி மலையைப் பார்ப்பார்கள். ராஜகிரி சின்னதாகிக்கொண்டே வந்து மறையும். அந்த நேரத்தில் காதில் ஓடுவது எந்தப் பெரிய பாடகரின் பாட்டாகவும் இருக்கலாம். அன்று மதியம் திண்ணையில் பதிவான, நடுவில் சேவல் கூவிக் கெடுத்த, ஆயாவின் தாலாட்டாகவும் இருக்கலாம்.